இரு மைதானங்களின் கோபாலன்

1936 ஆகஸ்ட் 15, சனிக்கிழமை. முதல் நாள் பெய்த மழையால் தள்ளிப்போன ஒலிம்பிக் ஹாக்கி இறுதியாட்டம் அன்று பெர்லினில் நடந்தது. தியான் சந்த் தலைமையிலான இந்திய அணி ஜெர்மனியை 8-1 என்ற கணக்கில் வீழ்த்தி, தொடர்ந்து மூன்றாவது முறையாகத் தங்கம் வென்றது. அதே நாளில் லண்டன் ஓவல் மைதானத்தில் இந்தியாவுக்கும் இங்கிலாந்துக்கும் இடையிலான மூன்றாவது கிரிக்கெட் டெஸ்ட் தொடங்கியது. சென்னை மாகாணத்தின் எம்.ஜே. கோபாலன் இவ்விரண்டு களங்களிலும் இல்லை. பெர்லினில் ஆடும் வாய்ப்பைக் கைவிட்டு, கிரிக்கெட் அணியுடன் அவர் இங்கிலாந்துக்குக் கப்பலேறியிருந்தார். அங்கே மூன்று டெஸ்டுகளில் ஒன்றில்கூட அவர் ஆடும் பதினொருவரில் சேர்க்கப்படவில்லை.

பொருளியல் பேராசிரியனாக இருந்த காலத்தில், 'வாய்ப்புச் செலவு' என்னும் கருத்தை மாணவர்களுக்கு விளக்கப் பாடநூல்கள் தரும் துப்பாக்கி, வெண்ணெய் உதாரணம் எனக்கு ஒருபோதும் உதவியதில்லை. நம் பிள்ளைகளுக்கு இரண்டுமே அந்நியமானவை. ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்போது நாம் இழக்கும் அடுத்த சிறந்த வாய்ப்பே அந்தத் தேர்வின் உண்மையான விலை என்பதைச் சொல்ல, கோபாலனின் கதையையே ஆண்டுதோறும் சொல்லி வந்தேன். அக்கதை எனக்குக் கற்பித்தது, நான் அதைக்கொண்டு கற்பித்ததைவிட அதிகம்.

மொறப்பாக்கம் கோபாலன் தம் பெயரின் முதலெழுத்திலேயே பிறந்த ஊரைச் சுமந்தவர். பதிவேடுகளின்படி 1909 ஜூன் 6-இல் பிறந்தவர். தாம்பரத்திலிருந்து ஜி.எஸ்.டி. சாலையில் செங்கல்பட்டையும் மதுராந்தகத்தையும் கடந்து செல்ல வேண்டிய சிற்றூர் அது. இன்று தாம்பரம் மாநகராட்சியாக விரிந்துள்ள பகுதிகளும் அன்று அதே செங்கல்பட்டு ஜில்லாவின் கிராமங்களே. ஆகவே தென்சென்னைப் புறநகர்வாசிகள் அவரைத் தம் மாவட்டத்துக்காரர் என்று உரிமை கொண்டாடலாம். ஆனால் இங்குள்ள விளையாட்டுத் திடல்களில் அவர் பெயரை அறிந்த இளைஞர் ஒருவரை நான் இன்னும் சந்திக்கவில்லை.

கிராமத்திலிருந்து திருவல்லிக்கேணிக்கு வந்த குடும்பத்துப் பிள்ளைக்கு ஆட்டம் அங்கேதான் அமைந்தது. திருவல்லிக்கேணி கிரிக்கெட் கிளப்பின் மிதவேகப் பந்து வீச்சாளராக அவர் உருவான 1920-களில், சென்னையின் கிரிக்கெட் இரண்டு உலகங்களாகப் பிரிந்து கிடந்தது. சேப்பாக்கத்தில் ஐரோப்பியர்களின் மெட்ராஸ் கிரிக்கெட் கிளப். அதற்கு மாற்றாக 1888-இல் புச்சி பாபு நாயுடு நிறுவிய மெட்ராஸ் யுனைடெட் கிளப். (எம்.சி.சி. என்ற மூன்றெழுத்தால் இந்நகரில் ஏற்படும் குழப்பம் தனிக்கதை. சேப்பாக்கத்து கிளப், தாம்பரத்துக் கிறிஸ்தவக் கல்லூரி, லண்டனின் மேரில்போன் கிளப் மூன்றுக்கும் அதே சுருக்கம். 1937-இல் கல்லூரி தாம்பரத்துக்குக் குடிபெயர்ந்தபோது குழப்பமும் ரயிலேறி வந்து சேர்ந்தது.) இந்த இரு உலகங்களும் பொங்கலை ஒட்டி ஆண்டுக்கொரு முறை சேப்பாக்கத்தில் மோதிக்கொண்டன. ஐரோப்பியருக்கும் இந்தியருக்கும் இடையிலான அந்த மாகாணப் போட்டிதான் அன்றைய சென்னையின் திருவிழா.

கோபாலன் முதல்தரப் போட்டிகளில் அடியெடுத்து வைத்தது 1926-27 பருவத்தில். அவருடைய திறமையை இனங்கண்டவர் எதிர் முகாமைச் சேர்ந்தவர் என்பதுதான் வியப்பு. ஐரோப்பிய அணியின் முன்னணி ஆட்டக்காரரும் பர்மா ஷெல் நிறுவன அதிகாரியுமான சி.பி. ஜான்ஸ்டன், இந்த இளைஞரைத் தம் நிறுவனத்திலேயே வேலைக்குச் சேர்த்துக்கொண்டார். விளையாட்டு வரலாறுகளில் ஒரு வரியில் முடிந்துவிடும் இச்செய்தியை நான் அவ்வளவு எளிதாகக் கடந்து செல்ல மாட்டேன். கோபாலனின் பிற்கால வாழ்வு முழுவதும் இந்த வேலையை அச்சாணியாகக் கொண்டே சுழன்றது.

விளையாட்டு அன்று அமெச்சூர்களின் உலகம். ஆடுவதற்குக் கூலி வாங்குவது இழிவென்று கருதப்பட்டது. அந்த உயர்ந்த நெறிக்குப் பின்னால் ஓர் எளிய கணக்கு இருந்தது. மாதக்கணக்கில் வேலைக்குப் போகாமல் ஆடித்திரிய, சொத்துள்ளவர்களால் மட்டுமே முடியும். இக்கணக்கு இங்கிலாந்தில் ஒரு விளையாட்டையே இரண்டாகப் பிளந்தது. வட இங்கிலாந்தின் சுரங்கத் தொழிலாளர்களும் ஆலைத் தொழிலாளர்களும் ரக்பி ஆடும் நாளில் இழக்கும் கூலிக்கு ஈடு கேட்டார்கள். தெற்கே இருந்த கனவான்கள் மறுத்தார்கள். 1895-இல் ஹடர்ஸ்ஃபீல்டு நகரில் வடக்கத்திய கிளப்புகள் கூடித் தனிச் சங்கம் கண்டன. அதிலிருந்து 'ரக்பி லீக்' என்னும் தனி ஆட்டமே பிறந்து, பதினைவருக்குப் பதில் பதின்மூவர் ஆடும் விதிகளோடு வளர்ந்தது. பழைய 'ரக்பி யூனியன்' ஆட்டக்காரர் ஒருவர் லீகிற்குப் போய்விட்டால், அவருக்குத் தாய்வீட்டின் கதவு நிரந்தரமாக மூடப்படும். ஆட்டக்காரராகவோ பயிற்சியாளராகவோ இரு பக்கமும் சுதந்திரமாகப் போய்வரும் நிலை, 1995-இல் யூனியனும் ஊதியத்தை அனுமதித்த பிறகே ஏற்பட்டது.

இந்தியாவில் அத்தகைய பிளவு நேரவில்லை. இங்கே இழந்த கூலிக்கு ஈடு கட்டியவர்கள் சமஸ்தான மன்னர்களும் வணிக நிறுவனங்களும். மன்னரை அண்டியவர்கள் மன்னரின் மனநிலைக்கேற்ப ஆடினார்கள். நிறுவனத்தை அண்டியவர்களுக்கு மாதச் சம்பளமும் விடுப்பும் கிடைத்தன. சென்னையில் இரண்டாவது வழி வேரூன்றி, நிறுவன அணிகளாகப் பெருகி, பல தலைமுறைகளுக்குச் சோறு போட்டது. அவ்வழியில் முன்னோடியாக நடந்தவர்களில் ஒருவர் கோபாலன். குடும்பச் செல்வம் இல்லாத ஓர் இளைஞர் குளிர்காலத்தில் கிரிக்கெட்டும், அது முடிந்ததும் ஹாக்கியும் ஆட முடிந்ததென்றால், மாதக் கடைசியில் சம்பளம் வந்துகொண்டிருந்ததே காரணம்.

1930-இல் விஜயநகரம் இளவரசர், கிரிக்கெட் உலகம் 'விஸ்ஸி' என்றழைத்தவர், இங்கிலாந்தின் ஜாக் ஹாப்ஸையும் ஹெர்பர்ட் சட்கிளிஃப்பையும் அழைத்து வந்து தம் அணியில் ஆட வைத்தார். உலகின் தலைசிறந்த தொடக்க இணை அது. சென்னையில் ஹாப்ஸின் விக்கெட்டை வீழ்த்தியவர் கோபாலன். அந்த ஒரு பந்து அவர் பெயரை மாகாணத்துக்கு வெளியே கொண்டு சென்றது.

1934-ஆம் ஆண்டு அவருக்குக் கொடுத்தும் எடுத்தும் விளையாடியது. ஜனவரியில் கல்கத்தா ஈடன் தோட்டத்தில், டக்ளஸ் ஜார்டைனின் இங்கிலாந்து அணிக்கு எதிராகத் தம் முதல் டெஸ்டில் ஆடினார். ஆட்டமிழக்காமல் 11, பிறகு 7, ஒரு விக்கெட். ஒரு தொடக்கத்துக்கு மோசமில்லை. அடுத்த மாதம் சேப்பாக்கம் தன் முதல் டெஸ்டைக் கண்டது. சொந்த ஊர், சொந்த மைதானம். பதினொருவர் பட்டியலில் கோபாலன் இல்லை. கல்கத்தாவே அவருடைய முதலும் கடைசியுமான டெஸ்ட் ஆயிற்று. ஆனால் அதே ஆண்டு நவம்பர் 4-இல் அதே சேப்பாக்கத்தில் வேறொன்று நிகழ்ந்தது. ரஞ்சி கோப்பையின் முதல் போட்டியில் சென்னையும் மைசூரும் மோதின. அந்த நெடிய தொடரின் முதல் பந்தை வீசும் பேறு கோபாலனுக்கு வாய்த்தது. போட்டி ஒரே நாளில் முடிந்தது. மைசூர் 48-க்கும் 59-க்கும் சுருண்டது. சென்னைக்கு 130 ஓட்டங்களே போதுமாயிருந்தன. விக்கெட்டுகளை அள்ளியவர் ஏ.ஜி. ராம் சிங், இரு இன்னிங்ஸிலும் சேர்த்து 11 விக்கெட்டுகள். முதல் பந்தின் சொந்தக்காரரை வரலாறு நினைவில் வைத்தது, ஆட்டத்தை வென்று கொடுத்தவரை அவ்வளவாக வைக்கவில்லை. இந்த ராம் சிங்கிடம் பிறகு வருகிறேன்.

அடுத்த ஆண்டு கோபாலன் ஹாக்கி மட்டையுடன் கடல் கடந்தார். 1935-இல் தியான் சந்த் தலைமையில் நியூசிலாந்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் சென்ற இந்திய அணி 48 ஆட்டங்கள் ஆடி 48-இலும் வென்றது. அடித்த கோல்கள் 584. அவற்றில் 201 தியான் சந்த் ஒருவருடையவை. அடிலெய்டில் டான் பிராட்மன் அந்த அணியைச் சந்தித்தார். எந்த நாட்டு விளையாட்டு வரலாற்றிலும் இப்படியொரு பயணத்தைக் காண்பது அரிது. அந்த அணியில் இடம்பெற்றவர் என்பதால் கோபாலனை ஹாக்கியைப் பொழுதுபோக்காக ஆடிய கிரிக்கெட் வீரர் என்று தள்ளிவிட முடியாது. அன்றைய உலகின் மிகச் சிறந்த ஹாக்கி அணி எதுவோ, அதில் அவர் ஓர் அங்கம்.

அடுத்து வந்தது அந்த 1936. கோடையில் இங்கிலாந்தில் கிரிக்கெட். ஆகஸ்டில் பெர்லினில் ஒலிம்பிக். அதற்கான ஹாக்கித் தேர்வும் அவரை அழைத்தது, கிரிக்கெட் அணியும் அழைத்தது. பருவங்கள் மாறி மாறி வந்து இரு ஆட்டங்களுக்கும் இடம் கொடுத்த சென்னையின் நாட்காட்டி, உலக நாட்காட்டியின் முன் தோற்றுப்போயிற்று. கோபாலன் கிரிக்கெட்டைத் தேர்ந்தெடுத்தார்.

தவறான முடிவு என்று பலரும் எழுதிவிட்டார்கள். நான் அப்படி எழுத மாட்டேன். ஒரு முடிவை அதன் விளைவைக் கொண்டு அளப்பது நம்மிடம் ஊறிப்போன பிழை. முடிவெடுத்த நேரத்தில் அவருக்கு என்ன தெரிந்திருந்தது என்பதே கேள்வி. 1936 வசந்தத்தில் நின்று பாருங்கள். கையில் ஒரு டெஸ்ட் அனுபவம் இருந்தது. மாகாணத்தின் முதன்மையான வேகப்பந்து வீச்சாளர் என்ற பெயர் இருந்தது. அந்தப் பருவத்தில்தான் சென்னை அணி ரஞ்சி இறுதிப் போட்டி வரை சென்றிருந்தது. இங்கிலாந்தின் ஈரக் காற்றும் பசும்புல் ஆடுகளமும் மிதவேக வீச்சாளரின் கனவு. வேலை கொடுத்தவரோ கிரிக்கெட்காரர். மறுபுறம், பெர்லின் அணியில் இடம் உறுதி என்று யாரும் எழுதித் தரவில்லை. தங்கமும் உறுதியில்லை. ஒலிம்பிக்குக்கு முன் நடந்த பயிற்சி ஆட்டத்தில் அதே ஜெர்மனியிடம் இந்தியா 4-1 எனத் தோற்று நடுங்கியது. ஹாக்கிக் கூட்டமைப்பு பயணச் செலவுக்கே நன்கொடை திரட்ட வேண்டிய நிலை. இவ்வளவையும் தராசில் வைத்தால், நானும் கிரிக்கெட்டையே தேர்ந்திருப்பேன் என்றே நினைக்கிறேன்.

அவர் கணிக்க முடியாதது ஒன்றே ஒன்று: அணித்தலைமை. ஹாப்ஸை அழைத்து வந்த அதே விஸ்ஸி இப்போது இந்திய அணியின் தலைவர். செல்வமும் செல்வாக்கும் கொடுத்த பதவி அது. மூன்று டெஸ்டுகளிலும் ஆடி மொத்தம் 33 ஓட்டங்கள் எடுத்தார். பயணத்தின் நடுவே பிரிட்டிஷ் அரசிடமிருந்து 'சர்' பட்டமும் பெற்றார். அணி குழுக்களாகச் சிதறியது. லாலா அமர்நாத் முதல் டெஸ்டுக்கு முன்பே ஒழுங்கு நடவடிக்கை என்ற பெயரில் திருப்பி அனுப்பப்பட்டார். அந்தக் கோடையில் ஒரு வீரரின் திறமைக்கும் அவருக்குக் கிடைத்த வாய்ப்புக்கும் இடையே நின்றது ஆடுகளம் அல்ல.

அதே பயணத்தில் இன்னொரு சென்னைக்காரரும் இருந்தார். புச்சி பாபுவின் மகன் கோட்டா ராமசாமி. அவரும் இரண்டு ஆட்டங்களில் இந்தியாவுக்கு ஆடியவர். கேம்பிரிட்ஜில் படித்து, 1922-இல் டேவிஸ் கோப்பை டென்னிஸில் இந்தியாவின் சார்பில் களமிறங்கியவர். மான்செஸ்டரில் தம் முதல் டெஸ்டை ஆடியபோது அவருக்கு வயது 40. அங்கே 40, 60. ஓவலில் 29, பிறகு ஆட்டமிழக்காமல் 41. பெர்லினில் கோல்கள் விழுந்த அந்தச் சனிக்கிழமை ஓவலில் ஆடிய பதினொருவரில் அவரும் ஒருவர். நாற்பதில் இப்படி ஆட முடிந்தவரின் திறமையில் ஐயமில்லை. ஆனால் டென்னிஸுக்கும் கிரிக்கெட்டுக்கும் இடையே ஒன்றை இழந்து ஒன்றைப் பெறும் நிர்ப்பந்தம் ராமசாமிக்கு இவ்வளவு கூர்மையாக வந்ததில்லை. பதினான்கு ஆண்டு இடைவெளியில் இரண்டையும் அடையும் அவகாசம் அவருக்கு இருந்தது. அவகாசமும் ஒரு சொத்துதான். (ராமசாமியின் முடிவு துயரமானது. 1985 அக்டோபரில் அடையாற்று வீட்டிலிருந்து வெளியே சென்றவர் திரும்பவே இல்லை.)

வகுப்பறைக்கு வருகிறேன். 1980-களின் நடுவில் இக்கதையை முதன்முதலாகச் சொல்லி, கோபாலன் செய்தது சரியா என்று கேட்டபோது, ஏறக்குறைய எல்லா மாணவர்களும் தவறு என்றார்கள். ஒலிம்பிக் தங்கத்தை விட்டவர் ஏமாளி என்பது அவர்கள் தீர்ப்பு. ஆண்டுகள் செல்லச் செல்ல கைகள் மெல்ல இடம் மாறின. 2008-க்குப் பிறகு, கிரிக்கெட் வீரர்கள் ஏலத்தில் கோடிகளுக்குப் போகத் தொடங்கியதும், கோபாலன் தொலைநோக்கு உடையவர், எதிர்காலம் கிரிக்கெட்டில்தான் என்று கண்டவர் என்று சொல்லும் மாணவர்களே பெரும்பான்மை ஆனார்கள். 1936-இல் நடந்ததில் ஓர் எழுத்தும் மாறவில்லை. மாறியது விலைப்பட்டியல். அவரவர் காலத்தின் விலையை எடுத்துச் சென்று ஒரு மனிதரின் இளமை மீது ஒட்டினார்கள். அவருக்கு எது பிடித்திருந்தது என்று அத்தனை ஆண்டுகளில் இரண்டோ மூன்றோ மாணவர்கள்தாம் கேட்டார்கள். அவர்களில் ஒருவர் மாணவி. கல்லூரிக் கபடி அணியில் ஆடியவர்.

இந்தத் தேர்வு இப்போது இருபத்தேழு வயதில் வருவதில்லை என்பதுதான் என்னை உறுத்துகிறது. சேலையூரில் எங்கள் வீட்டுப் பிள்ளை ஒருவனுக்குப் பதினொரு வயது. பள்ளியில் கால்பந்து ஆடுகிறான். மாலையில் கிரிக்கெட் பயிற்சிக்குப் போகிறான். சென்ற கோடையில் பயிற்சி நிலையத்தில் அவன் தந்தையை அழைத்து, ஏதாவது ஒன்றை விட்டுவிடச் சொல்லியிருக்கிறார்கள். மாதக் கட்டணம் அதுவரை இரண்டுக்கும் சேர்த்துக் கட்டப்பட்டு வந்தது. நிறுத்துவதற்கு அதுவும் ஒரு காரணமாகச் சேர்ந்துகொண்டது. பையன் கால்பந்துக் காலணியைக் கட்டிலுக்கு அடியில் வைத்திருக்கிறான். தாம்பரத்திலிருந்து மேடவாக்கம் வரை எத்தனை வீடுகளின் கட்டிலுக்கு அடியில் இப்படி ஒரு ஜோடி கிடக்கிறதோ. கோபாலனை ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னது உலக நாட்காட்டி. அதற்கு முன் பத்தாண்டுகள் இரண்டையும் அவர் ஆசைதீர ஆடியிருந்தார்.

இங்கிலாந்திலிருந்து திரும்பியவர் மனம் கசந்து மட்டையைத் தூக்கி எறியவில்லை. 1951-52 வரை சென்னைக்காக முதல்தர கிரிக்கெட் ஆடினார். கால் நூற்றாண்டு. 78 போட்டிகள், 194 விக்கெட்டுகள், மூவாயிரத்தை நெருங்கும் ஓட்டங்கள். வேகப்பந்து வீச்சாளருக்குச் சென்னை வெயிலில் இருபத்தைந்து பருவங்கள் என்பது என்னவென்று, மார்ச் மாத மதியத்தில் சேப்பாக்கத்தில் அரைமணி நேரம் நின்றவர்களுக்குத் தெரியும்.

அந்த வெள்ளிவிழாவை ஒட்டி 1952-53-இல் அவர் பெயரால் கோபாலன் கோப்பை தொடங்கியது. சென்னையும் இலங்கையும் மோதிய அந்தப் போட்டி முப்பதாண்டுகள், இடைவெளிகளோடு, இங்கும் அங்குமாக நடந்தது. டெஸ்ட் தகுதி இல்லாத இலங்கைக்கு முதல்தர கிரிக்கெட் ஆடக் கிடைத்த அரிய வாசல்களில் அது ஒன்று. 1981-இல் இலங்கை அத்தகுதியைப் பெற்றதும் கோப்பைக்கான தேவை மங்கியது. தம் நாட்டுக்காக ஒரே ஒரு டெஸ்ட் ஆடியவரின் பெயரில், அண்டை நாடொன்று டெஸ்டுக்குத் தயாரானது.

ஆட்டத்துக்குப் பிந்தைய வாழ்வில் அவர் தேர்வாளர். 1950-களில் தேசியத் தேர்வுக்குழுவில் அமர்ந்தார். முன்பு தம் பெயர் விடுபட்ட பட்டியல்களை இப்போது எழுதும் இடம் அது. பயிற்சியாளராக இறங்கியவர் அவருடைய தோழர் ராம் சிங். அவர் அதிகாரபூர்வ டெஸ்ட் ஒன்றுகூட ஆடியதில்லை. ஆயினும் மகன் கிருபால் சிங் 1955-இல் நியூசிலாந்துக்கு எதிராக ஹைதராபாத்தில் தம் முதல் டெஸ்டிலேயே சதம் அடித்தார். இன்னொரு மகன் மில்கா சிங்கும் இந்தியாவுக்கு ஆடினார். அந்த வீட்டுக்கு வெளியேயும் எத்தனையோ சென்னைப் பையன்கள் ராம் சிங்கிடம் கற்றார்கள். கோபாலன் பட்டியலிலும் ராம் சிங் வலைப்பயிற்சியிலுமாகச் சென்னை கிரிக்கெட்டின் அடுத்த தலைமுறையைச் செய்தார்கள். 1934 நவம்பரில் ஒரே நாளில் ஆட்டத்தை முடித்து வைத்த இருவர்.

ராம் சிங் 1999-இல் மறைந்தார். கோபாலன் 2003 டிசம்பர் 21-இல் சென்னையில் காலமானபோது, உயிருடன் இருந்த டெஸ்ட் வீரர்களில் உலகிலேயே மூத்தவராகப் பதிவேடுகள் அவரைக் குறித்திருந்தன. அதற்கு ஐந்து நாட்களுக்கு முன்புதான் டிராவிட்டின் ஆட்டத்தால் இந்தியா அடிலெய்டில் ஆஸ்திரேலியாவை வென்றிருந்தது. 1935-இல் கோபாலனின் ஹாக்கி அணியை பிராட்மன் சந்தித்த அதே ஊர்.